வெயிலும் இரும்பும் விஷத்தைப் போக்குமா?

ஐதராபாத்தை அடுத்த திருமுல்கேரியின் கோடை வெயிலைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. அங்கே கருங்கற் பாறைகள் சிதைந்து உண்டான செம்மண்ணின் நிறமே, அதில் இரும்பு ஆக்ஸைடு கலந்திருப்பதற்குச் சாட்சி. வெயிலும் இரும்பும் கூடினால் பூச்சிக்கொல்லி மருந்துகள் சிதையும் என்பது விஞ்ஞானம் கண்ட உண்மை. ஆகவே, இத்தகைய மண்ணில் எம்மருந்தும் நிலைத்து நில்லாது என்ற எண்ணம் எவருக்கும் எளிதில் தோன்றும். இவ்வெண்ணம் பாதி உண்மையின்மேல் எழுந்தது. எனவே முழுப் பொய்யினும் அதிகத் தீங்கு செய்யவல்லது.

அந்தப் பாதி உண்மை யாது? இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் சேர்ந்தால் டார்டாரிக் அமிலம், அதாவது நம் புளியிலுள்ள அமிலம், விரைந்து ஆக்ஸிகரணம் அடைவதை 1894இல் ஆங்கில இரசாயன அறிஞர் ஃபென்டன் வெளியிட்டார். இதில் வினை புரிவது ஹைட்ராக்ஸில் என்னும் துணுக்கு என 1934இல் ஹாபரும் வைஸும் கூறினர். எதிர்ப்பட்ட கரிமப் பொருளை எல்லாம் தாக்கும் இயல்புடையது அது. இவ்வினையில் ஃபெரஸ் இரும்பு ஃபெரிக் இரும்பாக மாறிவிடும். சூரிய ஒளி பட்டால் அது மீண்டும் ஃபெரஸ் ஆகும். ஆதலால் சிறிதளவு இரும்பே பன்முறை வேலை செய்கிறது.

ஆனால் இரும்பு நீரில் கரைந்திருத்தல் வேண்டும். அதற்கு நீர் நல்ல புளிப்பாக, பி.எச். அளவு ஏறத்தாழ 3ஆக, இருக்க வேண்டும். சாதாரண வயல் நீரில் ஃபெரிக் இரும்பு துருவாகப் படிந்துவிடும். செம்மண்ணில் இருப்பதும் பெரும்பாலும் துருவே. ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே காட்டலாம்: துருப்பிடித்த ஆணிகளுள் ஒன்றைப் புளிக்கரைசலிலும் மற்றொன்றை வெறும் நீரிலும் இட்டுச் சில நாள் வைத்தால் போதும். மேலும், வெயிலொளி மண்ணுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்குவதில்லை.

காசர்கோடு இதற்குத் தக்க உதாரணம். அங்குள்ள செம்புறை மண் இரும்பு மிக்கது; வெயிலுக்கும் பஞ்சமில்லை. 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை அங்கே முந்திரித் தோட்டங்களின்மேல் வானிலிருந்து என்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. தரையை எட்டும் சூரிய ஒளியை அம்மருந்து கிரகிப்பதில்லை. ஆகவே வெயில் அதை நேரே சிதைப்பது அரிது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை என்டோசல்ஃபான் சல்ஃபேட்டாக மாற்றின. அதுவோ மூலப்பொருளை ஒத்த நச்சுடையது, அதனினும் நெடுநாள் தங்குவது. உச்ச நீதிமன்றம் 2011இல் அம்மருந்தைத் தடை செய்தது; பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2017இல் கேரள அரசுக்கு ஆணையிட்டது.

மருந்து மறைந்தது என்பதால் விஷம் மறைந்தது என்றும் கொள்ளலாகாது. பாரத்தியான் மருந்திலுள்ள கந்தக அணு ஒன்றின் இடத்தில் ஆக்ஸிஜன் புகுந்தால், அதனினும் கொடிய பாராக்ஸான் உண்டாகிறது. கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில், மருந்து தெளித்துப் பல நாள் சென்றபின் பழம் பறிக்கப் புகுந்த கூலியாட்கள் மயங்கி வீழ்ந்ததற்கு, வறண்ட வெயிலில் இலைத்தூசியின்மேல் உண்டான அப்பொருளே காரணமெனக் கண்டனர். தெளித்தபின் இத்தனை நாள் தோட்டத்தினுள் புகலாகாது என்னும் விதி வலுப்பெற்றது அதன் பின்னரே.

வெயிலையும் இரும்பையும் பயன்படுத்த முடியாதென்பதன்று. ஸ்பெயினில் அல்மேரியாப் பகுதியில், மருந்துக் கலங்களைக் கழுவிய நீரில் அமிலமும் இரும்பு உப்பும் பெராக்ஸைடும் கலந்து, கண்ணாடிக் குழாய்களில் வெயில்படச் செலுத்திச் சுத்திகரிக்கும் முறையை ஆராய்ந்து செயற்படுத்தியுள்ளனர். அது அளவறிந்து செய்யும் தொட்டி வேலை. திறந்த வயலில் தானே நிகழ்வதன்று. இங்கு வயல் ஊழியர் சொல்லவேண்டியது எளிது: காலி டப்பாவை மும்முறை கழுவி, அந்நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றுக, வாய்க்காலில் கொட்டற்க. அறுவடைக்கு முன் காத்திருக்குமாறு சீட்டில் அச்சிட்ட நாட்களை, வெயில் கடுமையாயிற்றே என்று ஒருநாளும் குறைக்கலாகாது.