ஐவர் பணிபுரியும் அச்சகத்திற்குச் சங்கம் வேண்டுமா?

உரிமையாளரும் ஊழியரும் ஒரே கூரையின்கீழ் உழைக்கும் சிற்றச்சகத்தில் சங்கம் எதற்கு என்பர் சிலர். அன்பு முறிந்துவிடுமோ என்னும் அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. ஆயினும், தாயும் பிள்ளையுமே ஆனாலும் வாயும் வயிறும் வேறன்றோ? ஊதிய உயர்வை ஒருவர் தனித்துக் கேட்டால் அவர் வேலைக்கே இடர் நேரலாம். ஐவரும் கூடிக் கேட்டால் அது பேச்சுவார்த்தையாகும்.

சங்கப் பதிவிற்கு எழுவரேனும் வேண்டும் என்றது 1926ஆம் ஆண்டுச் சட்டம். 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அவ்வெண்ணையே ஏற்றது. ஆகவே ஐவர் மட்டும் பதிவு பெற இயலாது. அண்டை அச்சகத்தாரோடு இணைந்து தொழில்வழிச் சங்கம் காணலாம்.

எனினும், முதற்படி உரிமையாளரிடம் மனந்திறந்து பேசுதலே. ஊதியம், விடுப்பு, மிகைநேரக் கூலி ஆகியவற்றை அவர் எழுத்தில் தரின் நன்று. மறுப்பின், சங்கம் காண்பது பகைமையன்று, கடமையே. நாளை பணிக்குச் செல்லவிருக்கும் மாணவரும், பணி தரும் பெரியோரும் இதனை எண்ணிப் பார்ப்பாராக!