தலைக்கணக்குக்காரர்கள்

மக்கள்தொகைப்படி மக்களவை இடங்களைப் பங்கிடும் தொகுதி மறுசீரமைப்பு என்று பேச்செடுத்தாலே "ஒருவருக்கு ஒரு வாக்கு, எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு" என்று ஒருவர் கிளம்பிவிடுகிறார். தொலைக்காட்சி விவாதங்களில் ஆண்டுக்கணக்காக இதே பல்லவி. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு எம்.பி. ஒருவருக்கு 18 லட்சம் பேர், உத்தரப்பிரதேச எம்.பி.க்கு 25 லட்சம் பேராம். ஆகவே வடக்கே வாக்கு மலிந்துவிட்டதாம். தலையை எண்ணினால் போதும் என்றால், சித்ரா பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்கு வந்து எண்ணட்டும். கிரிவலப் பாதையிலேயே இரண்டு தொகுதி தேறும்.

இந்தச் சமமதிப்பு எங்கே கடைப்பிடிக்கப்படுகிறது? 60 லட்சம் மக்கள்தொகையைத் தாண்டாத மாநிலங்களுக்கு, மக்கள்தொகைக்கேற்ப இடம் என்ற விகிதம் பொருந்தாது என்று அரசமைப்பின் 81ஆம் பிரிவே சொல்கிறது. லட்சத்தீவில் 60 ஆயிரத்துக்கும் குறைவான வாக்காளர்களுக்கு ஒரு எம்.பி.; திருவண்ணாமலைத் தொகுதியில் சுமார் 15 லட்சம் வாக்காளர்களுக்கும் ஒரே எம்.பி.தான். லட்சத்தீவின் இடத்தைப் பிடுங்கு என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட மக்கள் உள்ள ஜெர்மனிக்கு 96 இடம், 5 லட்சம் சொச்சம் பேர் உள்ள மால்டாவுக்கு 6 இடம். அங்கே ஜனநாயகம் செத்துவிட்டதாக நம்மூர் தலைக்கணக்குக்காரர்கள் துக்கம் அனுசரித்ததாகத் தெரியவில்லை.

உண்மையான விஷயம் வேறு. மக்களவையில் 41 இடம் வைத்திருந்த நமக்கு, 1961 கணக்கெடுப்பைக் காட்டி 1967 தேர்தலில் 39 ஆக்கினார்கள். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்யும் மாநிலம் இப்படி இடத்தை இழப்பது அநியாயம் என்று தில்லிக்கே உறைத்ததால்தான், 1976இல் 42ஆவது திருத்தம் 1971 கணக்கோடு இடங்களை நிறுத்தியது. 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்து, "நாமிருவர் நமக்கிருவர்" என்று எழுதிவைத்தது இதே இந்திய அரசு. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாக ஏறி இறங்கினார், நம் பெண்கள் கேட்டார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை, உத்தரப்பிரதேசத்தில் 2.4, பிகாரில் 3. இருக்கிற 543 இடங்களை 2011 கணக்கில் பங்கிட்டால் நமக்கு 39 போய் 32, கேரளத்துக்கு 20 போய் 15, உத்தரப்பிரதேசத்துக்கு 80 போய்ச் சுமார் 90. சொன்ன பேச்சைக் கேட்டதற்கு அபராதம் ஏழு எம்.பி.! இதற்குச் சமத்துவம் என்று பெயர் வேறு.

"தெற்கே ஒரு இடம்கூடக் குறையாது" என்று 2025 பிப்ரவரியில் கோவையில் அமித் ஷா சொன்னார். குறைக்காமலே சுருக்கலாம்: புதிய மக்களவை மண்டபத்தில் 888 இருக்கைகள் உண்டு, அதில் 39 என்றால் இன்றைய 7.2 சதவீதப் பங்கு 4.4 ஆகிவிடும்.

பெரிய தொகுதியில் எம்.பி.யை மக்கள் எப்படி அணுகுவது என்கிறார்கள். எங்கள் திருவண்ணாமலைத் தொகுதி மட்டும் சிறியதா? ஜோலார்பேட்டையில் தொடங்கி, ஜவ்வாது மலைக்கு இருபுறமும் பரந்து, கீழ்பென்னாத்தூர் வரை வருகிறது. திருப்பத்தூர், திருவண்ணாமலை என இரண்டு மாவட்ட ஆட்சியர்களுக்கு நடுவே கிடக்கிறது. குடிநீருக்கும் பட்டாவுக்கும் ஆள் போதவில்லை என்றால் உத்தரப்பிரதேசம் தன் சட்டமன்றத்தின் 403 இடங்களைக் கூட்டிக்கொள்ளட்டும். அரசமைப்பு 500 வரை அனுமதிக்கிறது. அதற்கு மக்களவையில் எங்கள் பங்கில் கைவைக்க வேண்டியதில்லை.