முதல் கேமராவுக்குத் தவணை வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவுதான். வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இன்று பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்குப் பிறகு மட்டும் நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், பையன் கேமரா கேக்குறான், எது வாங்கலாம்?" என் தங்கை மகள் நேற்று ராத்திரி ஒரு விளம்பரத்தையே அனுப்பி, "பெரியம்மா, இது ஓகேவா?" என்று கேட்டிருக்கிறாள். இரண்டு லென்ஸ், பை, முக்காலி, மெமரி கார்டு, மாதத் தவணை என்று எல்லாம் அதில் இருக்கிறது. படம் எப்படி வரும் என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை.

என் பதில் இதுதான். புதிதாகக் கற்கிறவர் புதுக் கேமரா வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கடன் வாங்கி வாங்கவே கூடாது. கையில் இருக்கும் பணத்தில் நல்ல நிலையில் உள்ள பழைய கேமரா ஒன்று வாங்குங்கள். என்ன எடுக்கப் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு, அதற்கேற்ற லென்ஸ் ஒன்று வாங்குங்கள். முதல் நாளே இதற்கு மேல் வாங்கச் சொல்கிறவர் உங்கள் நன்மைக்காகச் சொல்லவில்லை.

நம் வீடுகளில் ஒரு வாக்கியம் உண்டு. "வாங்குறதே வாங்குறோம், கூடக் கொஞ்சம் போட்டு நல்லதாவே வாங்கிடுவோம்." கிரைண்டருக்கும் பீரோவுக்கும் அது சரி. கிரைண்டர் என்ன வேலை செய்யப்போகிறது என்று வாங்கும் முன்பே தெரியும், இருபது வருஷத்துக்கும் அதே வேலைதான். கேமரா வாங்குகிறவருக்கோ தான் எதை எடுக்கப்போகிறோம் என்பதே ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். தெரியாத தேவைக்கு எப்படி "நல்லது" வாங்குவீர்கள்?

இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்றால், இதைச் சொல்லி ஒரு குடும்பத்தைக் கடனில் இழுத்துவிட்டவளே நான்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கல்லூரியில் படிக்கும் மகனுக்குப் படம் எடுப்பதில் ஆசை. சனி, ஞாயிறில் கல்யாண வீடுகளுக்குப் போனால் படிப்புச் செலவுக்கு ஆகும் என்றான். கையில் 30,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார்கள். ஆண்டுவிழா, சுற்றுலா, வழியனுப்பு விழா என்று பள்ளியில் படம் எடுத்தது எப்போதும் நான்தானே. அதனால், "நீங்க ஒரு எட்டு கடைக்கு வாங்க டீச்சர்" என்று கூப்பிட்டார். போனேன்.

கடைப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். 30,000 என்றதும் முகம் சுளிக்கவில்லை. ஒரு பெட்டியைத் திறந்து, இன்னொன்றைத் திறந்து, கடைசியில் 62,000 ரூபாய்க்கு இரண்டு லென்ஸோடு ஒன்றை மேசையில் வைத்தான். "மீதிக்கு வட்டியே இல்லாத தவணை இருக்கு சார்." அப்பாவும் மகனும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். வாங்குறதே வாங்குறோம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பையன் எடுத்த முதல் கல்யாணமே எங்கள் ஊர் மண்டபத்தில், சாயங்கால வரவேற்பு. பாதிப் படங்கள் ஆடிப்போயிருந்தன. மீதியில் முகமெல்லாம் மணல் தூவியது போல் புள்ளி. இரண்டாவது வீட்டிலும் அதே கதை. மூன்றாவதாக யாரும் கூப்பிடவில்லை. தவணை மட்டும் மாதம் தவறாமல் 1,900 ரூபாய் போனது. 32,000 கடனுக்குப் பதினெட்டு மாதத்தில் 34,000-க்கு மேல் கட்டியிருக்கிறார்கள். வட்டி இல்லைதான். ஆனால் செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று, கையெழுத்துப் போட்ட தாளில் யாரும் படிக்காத இன்சூரன்ஸ் என்று ஒன்று. போன மாதம் பீரோ மேலிருந்து பையை இறக்கிப் பார்த்தால், லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை.

"நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க டீச்சர்" என்றார் அந்த அப்பா. அன்றைக்கு என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அதனால் அன்று கடையில் நான் போட்டிருக்க வேண்டிய கணக்கை இன்று உங்களோடு சேர்ந்து போடுகிறேன். எல்லாம் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

முதல் கணக்கு மெகாபிக்சல். நீளம் பெருக்கல் அகலம் என்று பரப்பளவு சொல்லிக்கொடுத்தேனே, அதேதான். நீளவாட்டில் 6,000 புள்ளி, அகலவாட்டில் 4,000 புள்ளி, பெருக்கினால் 2 கோடியே 40 லட்சம், அதாவது 24 மெகாபிக்சல். 12 மெகாபிக்சல் பழைய கேமராவில் ஏறக்குறைய 4,288 × 2,848. எண் இரண்டு மடங்கு ஆனாலும் படத்தின் நீளம் இரண்டு மடங்கு ஆகவில்லை, 1.4 மடங்குதான். கடையில் இதைச் சொல்வார்களா?

அடுத்து, அந்தப் புள்ளிகளை எங்கே பார்க்கப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். வீட்டு ஃபுல் எச்டி டிவி 1,920 × 1,080, இரண்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். ஸ்டூடியோவில் போடும் 4 × 6 அங்குலப் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 21.6 லட்சம் புள்ளி. சுவரில் மாட்டும் 8 × 12 படத்துக்கே 86.4 லட்சம் போதும். 1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் இருந்தது வெறும் 10,000 புள்ளி. அந்தக் காலத்தில் எண்ணிக்கையைக் கூட்டுவது பெரிய காரியம். இன்று பத்து வருஷப் பழைய கேமராவிலும் தேவைக்கு மேல் இருக்கிறது. இருந்தும் பெட்டியின் மேல் அந்த எண்ணைத்தான் பெரிதாக அச்சடிக்கிறார்கள்.

இரண்டாவது கணக்கு சென்சார். வெளிச்சம் விழும் தகடு அது. சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு கேமராக்கள் பலவற்றில் அது சுமார் 6.2 × 4.6 மில்லிமீட்டர். பருப்பளவு என்று வையுங்கள். நிக்கானின் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரில் 23.5 × 15.6. பெருக்கிப் பார்த்தால் பதின்மூன்று மடங்கு. மழை பெய்யும்போது வாசலில் வைத்த டம்ளரும் அண்டாவும் ஒரே நேரத்தில் ஒரே அளவு தண்ணீர் பிடிக்குமா? அதனால் சின்ன சென்சார் வைத்த சட்டைப்பைக் கேமராவை, எத்தனை மெகாபிக்சல் போட்டிருந்தாலும், வாங்காதீர்கள். தூரத்தை இழுத்துக் காட்டும் ஜூம் ஒன்றைத் தவிர, உங்கள் போன் செய்யாத எதையும் அது செய்யாது.

மூன்றாவது கணக்குதான் அந்தப் பையனைக் கவிழ்த்தது. லென்ஸின் மேல் எஃப் என்று ஓர் எண் இருக்கும். எண் சிறிதானால் வாய் பெரிது, வெளிச்சம் அதிகம். கேமராவோடு தள்ளிவிடும் லென்ஸ்களை நீட்டிவைத்தால் 5.6. தனியாக விற்கும் சாதாரண 50 மி.மீ. லென்ஸ் 1.8. ஐந்து புள்ளி ஆறை ஒன்று புள்ளி எட்டால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்குங்கள். ஒன்பதரைக்கு மேல் வரும். மண்டப வெளிச்சத்தில் ஒன்றுக்கு விநாடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் வேண்டுமென்றால், மற்றதற்கு அறுபதில் ஒரு பங்கு போதும். ஆறில் ஒரு பங்கு நேரத்தில் மாப்பிள்ளை தலையைத் திருப்பிவிடுவார், படம் ஆடாமல் என்ன செய்யும்? பையன் கை நடுங்கவில்லை. நாங்கள் வாங்கிக் கொடுத்த இரண்டு லென்ஸுமே இருட்டு லென்ஸ்.

அன்று அவர்கள் கையில் இருந்த 30,000-க்குள்ளேயே பழைய கேமரா ஒன்றும், 1.8 லென்ஸ் ஒன்றும், சுமாரான ஃபிளாஷ் ஒன்றும் வாங்கியிருக்கலாம். ஒரு ரூபாய் கடன் இல்லாமல்.

இனி உங்கள் ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். எனக்குத் தெரியும், கை தூக்குவீர்கள்.

"பழசை எப்படி டீச்சர் நம்புறது?" நம்ப வேண்டாம், சோதியுங்கள். பகலில் நேரில் போய்ப் பாருங்கள். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். நூல் போலவோ வலை போலவோ தெரிந்தால் பூஞ்சை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். தொடக்கநிலை உடல்களுக்குப் பொதுவாக ஒரு லட்சம் என்று கணக்கு வைப்பார்கள், 20,000 அடித்தது இன்னும் இளசுதான். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பில்லில் உள்ள வரிசை எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பில் இல்லாத கேமராவைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள், அது யார் வீட்டுத் திருட்டுப் பொருளோ.

"எந்த மாடல்?" கேனன் 1300டி, 200டி, நிக்கான் டி3400, டி3500. 2016 முதல் 2018 வரை வந்தவை. எதுவும் தப்பில்லை. எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். நிக்கான் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த உடல்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை மலிவு என்று பழைய ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கினால் கையால்தான் திருக வேண்டியிருக்கும். ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்குள் குழந்தைகளை எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு 50 மி.மீ. கொஞ்சம் நெருக்கும், பின்னால் போய்ப் போய்ச் சுவரில் முட்டுவீர்கள். நிக்கானில் 35 மி.மீ. 1.8 பாருங்கள்.

"இப்ப எல்லாம் மிரர்லெஸ்தானே?" ஆமாம். பெரிய கம்பெனிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. அதனால்தான் டிஎஸ்எல்ஆர் மலிந்து கிடக்கிறது. புது வண்டி வந்துவிட்டது என்பதற்காகப் பழைய சைக்கிளில் ஓட்டக் கற்க முடியாதா? டி3500-இல் ஒருமுறை சார்ஜ் செய்தால் 1,550 படம் என்று நிக்கானே கணக்குச் சொல்கிறது. நாள் முழுக்கத் திருவிழாவில் சுற்றுகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

"வட்டியில்லாத் தவணைதானே?" 2013-இலேயே ரிசர்வ் வங்கி, பூச்சிய வட்டி என்று ஒன்று கிடையாது என்று வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி எங்கேயோ ஒளிந்திருக்கும். மொத்தப் பணமும் கையில் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கடையில் கேளுங்கள். குறைத்தால், அந்தத் தொகைதான் ஒளிந்திருந்த வட்டி.

ஒரே ஓர் இடத்தில் நான் விட்டுக்கொடுக்கிறேன். கூந்தன்குளத்தில் பறவை எடுக்க வேண்டும், பூநாரையை முகம் தெரிய எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு நான் சொன்ன 1.8 லென்ஸ் உதவாது. நீண்ட லென்ஸ் வேண்டும், அது விலைதான். ஆனால் அங்கே நாலு முறை விடியற்காலையில் போய் நின்று பார்த்தவர் வாங்கட்டும். ஆசை முதலில் நடந்து காட்டட்டும், பணம் பின்னால் வரட்டும்.

நான் முதலில் தொட்டது அப்பாவின் ஆக்ஃபா க்ளிக் 3. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். வெயிலா மேகமா என்று மாற்றிவைப்பதற்கு மேல் அதிகமாகத் திருக அதில் எதுவும் இல்லை. ஆனால் பொத்தானை அழுத்தும் முன் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கப் பழக்கியது அதுதான். அந்தப் பாடத்தை எந்தக் கடையும் பெட்டியில் வைத்துத் தருவதில்லை. உங்கள் போனை வைத்தே இன்று சாயங்காலம் தொடங்கலாம், ஜன்னல் ஓரமாக ஒரு முகம் போதும்.

வாங்கியவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நம் ஊர் ஈரக்காற்றுக்குத் துணிப்பை ஆகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அதைவிட முக்கியம், வாரம் ஒருமுறையாவது எடுத்துப் படம் எடுங்கள். அந்தப் பையனின் லென்ஸைப் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன், செலவு என்னுடையது. ஒரு 1.8 லென்ஸும் பழையதாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கேனன் பொருத்துவது யாரிடமாவது சும்மா கிடந்தால் விலை சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான்கு வருஷத்துக்கு முன் 17,500 ரூபாய்க்கு வாங்கிய என் பழைய கேமரா வீட்டில் இருக்கிறது. கேமரா வாங்க நினைக்கும் பிள்ளைகள் யார் வந்தாலும் இரண்டு வாரம் இரவல் தருகிறேன். நிபந்தனை ஒன்றுதான், திரும்பக் கொண்டுவரும்போது கார்டில் 300 படமாவது இருக்க வேண்டும். உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், கடைக்கு நானும் வருகிறேன். இந்த முறை என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

தங்கை மகளே, உனக்கும் இதுதான் பதில். அந்த விளம்பரத்தை அழித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வா.

அன்புடன்,
உங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர்