கணக்குத் தெரியாதவர்கள் யார்?

“ரெண்டு பேரும் சம்பாதிக்கிறாங்க. அப்புறம் மாசக் கடைசியில கைமாத்து எதுக்கு? சிக்கனம் பத்தாதுங்க.” கல்யாணமாகி ஓரிரு வருடமே ஆன ஒரு தம்பதி, வாடகை பாக்கி என்று யாரிடமாவது வாய் திறந்தால் உடனே வந்து விழுகிற தீர்ப்பு இது. மாமா சொல்வார், வீட்டுக்காரர் சொல்வார், கம்பெனி மேனேஜர் சொல்வார். இப்போது யூடியூபில் நிதி ஆலோசகர்களும் சொல்கிறார்கள். செல்போனைக் குறை, பிரியாணியை நிறுத்து, வரவுசெலவு நோட்டுப் போடு, தானாக மிச்சமாகும் என்கிறார்கள். இத்தனை பேர் சேர்ந்து சொல்வதால் அது உண்மையாகிவிடாது. தீர்ப்புச் சொல்கிறவர்களில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: “சம்பளம் எவ்வளவு?”

நாம் கேட்டுப் பார்ப்போம். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த, தேனிப் பக்கத்து இளம் தம்பதி என்று வைத்துக்கொள்வோம். அவன் ஓவர்லாக் டெய்லர், ஷிப்டுக்கு 550 ரூபாய். அவள் செக்கிங், ஷிப்டுக்கு 380. ஞாயிறு தவிர ஒரு நாளும் விடாமல் இருவரும் 26 நாள் போனால் மாதம் 24,180 ரூபாய். கேட்பதற்கு நல்ல தொகைதான். இனிச் செலவுக்கு வருவோம்.

ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள லைன் வீட்டுக்கு வாடகை 4,500. கரண்ட், தண்ணீருக்கு 700. அரிசி மூட்டை 1,400. மளிகை 3,500. காய், பால், முட்டை, ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாம் சேர்த்து 3,000. சிலிண்டர் 900. இதுவரை 14,000. பைக் தவணை 2,500, பெட்ரோல் 1,500. இரண்டு பக்கத்துப் பெற்றோருக்கும் சேர்த்து ஊருக்கு அனுப்புவது 3,000. கல்யாணத்துக்காக அவள் அம்மா எடுத்த குழுக்கடனுக்குத் தவணை 2,500. இரண்டு செல்போனுக்கு 600. காய்ச்சல், பல்வலி என்று 800. மொத்தம் 24,900. ஒரு நாள்கூட வேலை தவறாத மாதத்திலேயே 720 ரூபாய் துண்டு விழுகிறது. ஒரு புடவை, ஒரு சினிமா, ஊருக்குப் போய்வரப் பஸ் டிக்கெட் எதையும் நான் இதில் சேர்க்கவில்லை.

சரி, உபதேசத்தின்படியே நடக்கட்டும். கறியை அடியோடு நிறுத்தினால் மாதம் ஆயிரம் மிச்சம். இரண்டு போனில் ஒன்றை ஒழித்தால் 300. துண்டு விழுந்த 720 போக 580 ரூபாய் கையில் நிற்கும். இன்னும் கொஞ்சம் காற்றோட்டமான வீட்டுக்கு 20,000 ரூபாய் அட்வான்ஸ் சேர்க்க இந்த 580 ரூபாய்க்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். அந்த மூன்று ஆண்டும் இருவரில் ஒருவருக்கும் காய்ச்சல் வரக்கூடாது, ஊரில் சாவு விழக்கூடாது, கம்பெனியில் ஆர்டர் குறையக்கூடாது. இத்தனையும் கைகூடினால்தான் சிக்கனம் பலிக்கும்.

ஆர்டர் குறையாமல் இருக்குமா? திருப்பூரின் தையல் மிஷின் ஓடுவதும் நிற்பதும் திருப்பூரின் கையில் மட்டும் இல்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீதான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக்கியபோது அதன் அடி பின்னலாடைத் தொழில்மேல் நேராக விழுந்தது. நூல் விலை ஏறினாலும் அப்படித்தான். ஷிப்டுக் கூலிக்கும் பீஸ் ரேட்டுக்கும் உழைப்பவனுக்கு வேலை இல்லாத நாள் சம்பளம் இல்லாத நாள். மாதத்தில் நான்கு நாள் இருவருக்கும் வேலை இல்லையென்றால் 3,720 ரூபாய் போய்விடும். துண்டு 4,440 ஆகும். வீட்டுக்காரர் நான்கு நாள் வாடகையைக் கழித்துக்கொள்வதில்லை. பைக் தவணைக்கும் அமெரிக்க வரி தெரியாது.

சனிக்கிழமை ராத்திரி இந்த லைன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் சிக்கனம் தெரியாத கூட்டமா இது என்பது விளங்கும். வாரச் சம்பளக் கவரைப் பிரித்து அவள் பாயில் நோட்டுகளைக் கூறு போடுகிறாள். “ஏங்க, தண்டல்காரருக்கு எடுத்து வச்சிட்டேன். மளிகைக் கடைக்கு முன்னூறு குடுத்துட்டு மீதிய அடுத்த வாரம்னு சொல்லிருங்க. சிலிண்டர் புதன்கிழமை வரைக்கும் தாங்கும்.” அவன் கேட்கிறான்: “தம்பி காலேஜ் பீசு?” “அதுக்குத்தான் காதுத் தோட்ட அடகு வைக்கலாம்னு சொல்றேன்.” எந்தக் கடனை முதலில் அடைப்பது, எதைத் தள்ளிப்போடுவது, எந்தக் கடைக்காரர் எத்தனை நாள் பொறுப்பார் என்று இத்தனை கணக்கும் அவள் தலைக்குள் ஓடுகிறது. ஒரு கம்பெனியின் கணக்குப்பிள்ளைக்கு இதில் பாதி வேலைதான். பங்களாதேஷ், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் ஏழைக் குடும்பங்களுடைய வரவுசெலவை நாட்குறிப்புப்போல எழுதிவைத்து 2009-இல் நான்கு ஆய்வாளர்கள் ஒரு நூல் வெளியிட்டார்கள். வந்ததை அன்றே தின்று தீர்ப்பவர்கள் ஏழைகள் என்ற எண்ணத்தை அது உடைத்தது. கைமாற்று, சீட்டு, குழு, கடை பாக்கி என்று ஒரே நேரத்தில் பல வழிகளில் அவர்கள் பணத்தைப் புரட்டுகிறார்கள், சேமிக்கவும் செய்கிறார்கள்.

பணத்தட்டுப்பாடு மூளையை என்ன செய்கிறது என்பதற்கும் சான்று நம் ஊரிலேயே உண்டு. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்து 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அறுவடைக்கு முன், கை வறண்டிருக்கும் காலத்தில், அதே விவசாயி அதே மாதிரிச் சோதனையில் குறைவாகச் செய்தார். அறுவடைப் பணம் வந்த பிறகு தேறினார். இடையில் ஆள் மாறவில்லை, கையிருப்புதான் மாறியது. புத்தி இல்லாததால் பணம் நிற்கவில்லை என்பவர்கள், பணம் இல்லாதது புத்தியை எவ்வளவு தின்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதைவிட எரிச்சலூட்டுவது, இல்லாதவனுக்கு எல்லாமே விலை கூடுதல் என்பதை உபதேசிப்பவர்கள் காணாததுபோல் இருப்பது. வீட்டுக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்கிறது அரசு. ஆனால் பல லைன் வீடுகளில் வீட்டுக்காரர் ஒரு துணை மீட்டர் வைத்து, மின்வாரியக் கட்டணத்துக்கு மேல் தாம் நினைத்த விலைக்கு யூனிட்டை விற்கிறார். இலவசம் அவரோடு நின்றுவிடுகிறது. புதிதாகக் கல்யாணமானவர்கள் இரண்டு வீட்டுக் கார்டிலிருந்தும் பெயரை நீக்கி, புது முகவரிக்குச் சான்று காட்டிப் புது ரேஷன் கார்டு வாங்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் எழுதித் தர வீட்டுக்காரர் மறுத்தால் கார்டு தள்ளிப்போகும், இலவச அரிசிக்குப் பதிலாக மூட்டை அரிசி. முகவரிச் சான்று இல்லையென்றால் கேஸ் இணைப்பும் எளிதில் கிடைக்காது. கிலோவுக்கு அதிகம் கொடுத்து ஐந்து கிலோ குட்டி சிலிண்டர்.

அவசரத்துக்கு வங்கி கதவு திறக்காது, தண்டல்காரர் திறப்பார். பத்தாயிரம் என்று பேர், கையில் தருவது ஒன்பதாயிரம், தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். வெறும் பத்து சதவீத வட்டிபோலத் தெரியும். ஆனால் அசல் அன்றாடம் கரைந்துகொண்டே வருவதால், ஆண்டுக்குக் கணக்கிட்டால் 80 சதவீதத்தை ஒட்டி வரும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. தண்டல் நோட்டும் நாள்தோறும் நடக்கிறது. வசதியானவருக்கு வீட்டுக்கடன் ஒற்றை இலக்க வட்டியில் கிடைக்கும் நாட்டில், எட்டு மடங்கு, ஒன்பது மடங்கு வட்டி கட்டுகிறவரைப் பார்த்து நிதி ஒழுக்கம் போதிக்கிறோம்.

யூடியூப் ஆலோசகர்களின் 50-30-20 விதிக்கும் இதே கதி. வருமானத்தில் பாதி அத்தியாவசியம், 30 சதவீதம் ஆசை, 20 சதவீதம் சேமிப்பு. அமெரிக்கப் பேராசிரியர் எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005-இல் எழுதிய நூல் மூலம் அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களிடையே பிரபலமான விதி இது. நம் தம்பதிக்குப் பாதி என்றால் 12,090. வீடும் சோறும் மட்டுமே 14,000 ஆகிவிட்டது. முதல் படியிலேயே கால் வழுக்குகிற ஏணியைக் கொடுத்துவிட்டு, ஏறத் தெரியவில்லை என்று சிரிக்கிறோம்.

பெரியவர்களின் வாதம் வேறு: “நாங்க நானூறு ரூவா சம்பளத்துல நாலு புள்ளைகள வளத்தோம்.” வளர்த்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் முழுக் கணக்கையும் சொல்ல வேண்டும். பலருக்கு ஊரில் சொந்தக் கூரை இருந்தது, வாடகை இல்லை. பிள்ளையைப் பார்க்க ஆத்தாவோ சித்தியோ வீட்டிலேயே இருந்தார்கள். கொல்லையில் மாடு, முருங்கை. கோயம்புத்தூர் மில்லில் நிரந்தர வேலை கிடைத்தவருக்குப் பஞ்சப்படி உண்டு. விலைவாசி ஏறினால் சம்பளமும் ஏறும். போனஸ், பி.எஃப். என்று பின்னால் ஒரு கை தாங்கியது. பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவனுக்குப் பஞ்சப்படி எது? இரண்டு கூலியும் சேர்ந்துதான் அன்றைய ஒரு சம்பளத்தின் வேலையைச் செய்ய முயல்கின்றன.

அந்த இரண்டில் ஒன்று எந்த நேரமும் நிற்கலாம். அவள் கர்ப்பமானால் 9,880 ரூபாய் கழன்றுபோகும். இ.எஸ்.ஐ.யில் முறையாகப் பதிவாகியிருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. கான்ட்ராக்டரிடம் கைக்கூலி வாங்குபவளுக்குப் பெரும்பாலும் அந்தப் பதிவே இருப்பதில்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் சட்டம் திருத்தினார்கள். காப்பகம் இல்லாத இடத்தில் குழந்தை ஊரில் பாட்டியிடம் போகும், ஊருக்கு அனுப்பும் பணம் கூடும். “ரெண்டு பேரும் சம்பாதிக்கிறாங்க” என்ற வாக்கியத்தின் ஆயுள் ஒரு பிரசவம் வரைதான்.

“குடிச்சே தீர்க்கிறாங்க” என்பவர்களும் உண்டு. குடியை மறைத்துப் பேசவில்லை. குடிக்கிற வீட்டில் அந்தப் பெண் படும் பாடு தனி, அதற்குச் சமாதானம் இல்லை. ஆனால் ஓர் அதிகாரி வீட்டில் குடித்தால் அது அவர் சொந்த விஷயம், டெய்லர் குடித்தால் மட்டும் அது அவன் கூலி குறைவாக இருப்பதற்கு நியாயமாகிவிடுகிறது. குடிக்காத, சீட்டாடாத, பீடிகூடப் பிடிக்காத தம்பதியின் கணக்கைத்தான் மேலே போட்டோம். துண்டு விழாமல் இல்லை.

நம் நாட்டுக்கு இந்தக் கணக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு அளவுகோல் வகுத்தது. ஒருவர் வாங்கும் கூலி கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் கொண்ட குடும்பத்தைத் தாங்க வேண்டும். பெண்ணின், பிள்ளைகளின் சம்பாத்தியத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பெரியவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு எல்லாம் அதில் அடங்க வேண்டும். 1991-இல் ரெப்டகோஸ் பிரெட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன்மேல் இன்னொரு 25 சதவீதத்தைச் சேர்த்தது. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை உள்ளிட்ட பொழுதுபோக்கு, முதுமை, கல்யாணச் செலவு ஆகியவற்றுக்காக.

பண்டிகையும் பொழுதுபோக்கும் குறைந்தபட்சக் கூலியின் பகுதி என்று நாட்டின் மிகப்பெரிய நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியை ஊதாரித்தனம் என்று சொல்ல நாம் யார்? ஒருவர் கூலியில் நால்வர் வாழ வேண்டும் என்று 1957-இல் எழுதிய நாட்டில், இன்று இருவர் கூலியில் இருவர் திணறுகிறார்கள். மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2019-இல் நாளொன்றுக்கு 375 ரூபாய் தேசியக் குறைந்தபட்சக் கூலியாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டில் மத்திய அரசு அறிவித்த தேசிய அடிமட்டக் கூலி 178 ரூபாய். அதற்கு முன் 176. உயர்த்தியது இரண்டு ரூபாய்.

சிக்கன உபதேசம் இத்தனை செல்வாக்கோடு வாழ்வதற்குக் காரணம் அது யாருக்கும் செலவு வைக்காதது. முதலாளி கூலியைக் கூட்ட வேண்டாம், வீட்டுக்காரர் மீட்டரைத் தொட வேண்டாம், அரசு இன்ஸ்பெக்டரை அனுப்ப வேண்டாம். பழி முழுவதும் லைன் வீட்டுச் சமையல்கட்டுக்குள் போய் அடங்கிவிடும். சிக்கனம் சொல்லும் அதே மாமா, தன் பேரன் காதுகுத்துக்குச் செய்முறை ஐந்நூறுதான் வந்தது என்று ஒரு வருடம் முகம் திருப்பிக்கொண்டு போவார். கல்யாணத்தில் எத்தனை பவுன் என்று எண்ணிப் பார்த்தவரும் அவர்தான். அந்தப் பவுனுக்காக வாங்கிய கடனைத்தான் இவர்கள் இன்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எனவே வரிசையை மாற்றுவோம். கம்பெனி முதலாளி சம்பள ரசீது கொடுத்து, இ.எஸ்.ஐ., பி.எஃப். பதிந்து, விலைவாசியோடு பீஸ் ரேட்டையும் ஏற்றட்டும். தொழிலாளர் துறை காப்பகம் இருக்கிறதா என்று கம்பெனிக்குள் போய்ப் பார்க்கட்டும். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தந்து, வாரியக் கட்டணத்துக்கே கரண்ட் கொடுக்கட்டும். மாமா செய்முறை நோட்டைக் கொஞ்ச காலம் மூடி வைக்கட்டும். இவ்வளவும் நடந்த பிறகும் அந்த வீட்டில் துண்டு விழுந்தால், அன்று வந்து அவர்களுக்குச் சிக்கனம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்கள்.