பாலோ வெயிலுக்குத் தார் ஓடு தாங்குமா?

கூரை மாற்றப் போகிறீர்களா? குளுவாங்கிலிருந்து வரும் குத்தகையாளர் தார் ஓட்டின் இரண்டு மாதிரித் துண்டுகளை உங்கள் முன் வைத்து, "எது வேண்டும்?" என்று கேட்கலாம். ஒன்று, மூன்று நாக்குகளாக வெட்டப்பட்ட ஒற்றை அடுக்கு ஷிங்கல். மற்றது, இரண்டு அடுக்குகளைச் சேர்த்து ஒட்டிய தடித்த ரகம். இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால் தடித்ததையே வாங்குங்கள் என்பேன். ஆனால், தார் ஓடே வேண்டுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியைக் குத்தகையாளர் கேட்க மாட்டார்.

கண்ணாடி நார் விரிப்பில் தாரைத் தோய்த்து, மேலே பொடிக்கல் பதித்தால் அதுதான் ஷிங்கல். 1903இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹென்றி ரெனால்ட்ஸ் என்ற கூரைக் குத்தகையாளர் தார்ச் சுருளைத் துண்டு துண்டாக வெட்டித் தொடங்கி வைத்தது. பனியும் குளிரும் உள்ள ஊரில் பிறந்த பொருள். நம் பாலோவோ நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 2 பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராகவே நிற்கிறது.

அடர்நிற ஷிங்கல் மதிய வெயிலில் 70 பாகை செல்சியஸ் வரை சூடேறும். மாலையில் சடசடவென்று மழை இறங்கினால் சில நிமிடங்களில் குளிர்ந்துவிடும். நாள்தோறும் இப்படி விரிந்து சுருங்கினால் என்ன ஆகும்? வெப்பத்தில் உயிர்வாயுவோடு சேர்ந்து தார் இறுகுகிறது. நெகிழ்வை இழந்து வெடிக்கிறது. பொடிக்கல் உதிர்கிறது. மழைநீர்க் காலில் கறுப்பு மணல் போல் சேர்ந்திருந்தால் அது உங்கள் கூரைதான். அந்தக் கல் இருக்கும் வரைதான் புற ஊதாக் கதிர் தாரைத் தொடாது. மூன்று நாக்கு ரகத்தில் நாக்குகளுக்கு இடையே உள்ள பிளவில் தண்ணீர் ஓடி ஓடி, அடியில் உள்ள அடுக்கு முதலில் தேய்ந்துபோகும். தடித்த ரகத்தில் அந்தப் பிளவு இல்லை. நான் அதைச் சொல்வதற்குக் காரணம் இதுதான், அழகு அல்ல.

வாங்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: செம்பு கலந்த பொடிக்கல் உண்டா? ஈரமான ஊர்களில் ஷிங்கலில் வழியும் கறுப்புக் கறை அழுக்கு அல்ல. குளோயோகாப்சா மாக்மா என்ற நீலப்பச்சை நுண்ணுயிர். தாரில் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்தான் அதற்குத் தீனி. செம்பு அதை வளரவிடாது.

இனி, மாதிரித் துண்டைப் பார்த்தால் தெரியாத செலவு. தகரத்துக்கும் மண் ஓட்டுக்கும் சட்டம் போதும். ஷிங்கலுக்குக் கூரை முழுக்க ஒட்டுப்பலகை விரித்து, அதன்மேல் நீர்காப்பு விரிப்பும் போட்டாக வேண்டும். தாமான் வரிசை வீட்டில் ஓட்டைக் கழற்றிவிட்டு அந்தச் சட்டத்திலேயே ஷிங்கலை அடிக்க முடியாது. நம் ஈரத்தில், கரையான் உள்ள ஊரில், காற்றோட்டம் இல்லாத பலகை எத்தனை நாள் தாங்கும்? சதுர அடிக்கு இத்தனை வெள்ளி என்று சொன்னால், பலகையும் சேர்த்தா என்று கேளுங்கள். வீட்டின் பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறைக்கோ இது பெரும்பாலும் பொருந்தவே பொருந்தாது. 12 அடிக்கு 2 அடி கூடச் சரிவில்லாத கூரையில் ஷிங்கல் போடுவது ஒழுக்கை விலை கொடுத்து வாங்குவது.

நல்லதையும் சொல்ல வேண்டும். சதுர மீட்டருக்குச் சுமார் 10 முதல் 15 கிலோதான் எடை. சிமெண்டு ஓடு 40 கிலோவைத் தாண்டும். தகரக் கூரையின் கீழ் பெருமழையில் தொலைக்காட்சிச் செய்தி கேட்க முடியாமல் தவித்தவர்களுக்கு ஷிங்கலின் அமைதி பெரிய வரம்.

அப்படியும் என் ஓட்டு வெள்ளை வண்ணம் பூசிய உலோகத் தகட்டுக்குத்தான். புதிதாக இருக்கும்போது அது வெயிலில் 60 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும். அடர்நிற ஷிங்கல் 10 விழுக்காட்டை எட்டுவதே அரிது. வெள்ளை ஷிங்கல் கூட 30ஐ ஒட்டித்தான். தகட்டின் கீழ் சிறிது காற்று இடைவெளி, பளபளப்புத் தாள், பிறகு பாறைக்கம்பளி. கம்பளி சத்தத்தையும் குறைக்கும். சேமநிதியில் எடுத்த பணத்தைப் போட்ட பிறகும் மாடியறையில் பிள்ளைகள் இரவு 11 மணிக்கு வியர்த்துக் கிடந்தால், பிறகு குளிர்சாதனத்துக்கும் அல்லவா மாதாமாதம் கட்ட வேண்டும்?

"30 ஆண்டு உத்தரவாதம்" என்ற அட்டையைக் கண்டு மயங்காதீர்கள். காற்றோட்டம் போதாத கூரைக்கு அது செல்லாது என்ற வரி உள்ளே இருக்கிறதா என்று தேடுங்கள். ஆண்டு போகப் போக ஈட்டுத் தொகை குறையுமா என்றும் பாருங்கள்.

கையெழுத்துப் போடுமுன் எல்லா மாதிரித் துண்டுகளையும் ஒருநாள் கேட்டு வாங்குங்கள். பகல் 1 மணிக்கு வாசலில் வெயிலில் வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். 2 மணிக்கு வந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். கறுப்புத் துண்டை மட்டும் கொஞ்சம் கவனமாகத் தொடுங்கள்.