பிளிகிரிப் படம்

நாம் இளமையைக் கழித்த சாமராஜநகரின் நினைவாக எஞ்சியிருக்கும் பொருள்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று, சென்ற திங்கள் பழைய டிரங்குப் பெட்டியைத் துப்புரவு செய்தபோது கிடைத்த ஒரு புகைப்படம். இரண்டேகால் அங்குலச் சதுரம்; ஓரமெல்லாம் பல் பல்லாக வெட்டப்பட்டது; வெள்ளை முழுவதும் பழுப்பேறிவிட்டது. பாறை ஒன்றின்மேல் இளைஞர் எழுவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியவாறு நிற்கின்றனர். பின்புறத்தில், "பிளிகிரி, டிசம்பர் 1973" என்ற சொற்கள் மட்டுமே உள்ளன. படம் பிடித்தவர் நாமே ஆதலின், படத்தில் நாம் இல்லை.

நம் வீட்டுப் பேரப்பிள்ளைகள் அதனைக் கையில் வாங்கியதும், "இவர்களுள் தமிழர் யார், கன்னடியர் யார்? நாங்களே சொல்லுகிறோம் தாத்தா" என்று ஒரு விளையாட்டைத் தொடங்கினர். நெற்றி நிறையத் திருநீறும் இடுப்பில் வேட்டியுமாக நிற்பவரைத் தமிழர் என்றனர். அவர் வீரசைவக் குடும்பத்தினர். வீட்டிலும் வெளியிலும் கன்னடமே பேசுபவர். மணி காட்டும் கைக்கடிகாரமும் அகன்ற காற்சட்டையுமாக நின்றவரைக் கன்னடியர் என்றனர். அவரோ கொள்ளேகாலத்துத் தமிழர்.

கொள்ளேகாலத்து அன்பரின் வரலாறு நம் வாசகர்களுக்குச் சுவைக்கும். அவர் பிறந்தபோது கொள்ளேகாலம் சென்னை இராஜ்யத்தில் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த தாலுகா. 1956 நவம்பர் 1-ஆம் நாள் அது மைசூர் இராஜ்யத்தோடு இணைந்தது. 1973 நவம்பர் 1-ஆம் நாள் மைசூர் இராஜ்யமே கர்நாடகம் எனப் பெயர் மாறியது. ஆகவே, பிறந்த வீட்டுத் திண்ணையிலிருந்து இறங்காமலே மூன்று பெயர்களின் கீழ் வாழ்ந்துவிட்டார் அவர். நாமெல்லாம் ரயிலேறியும் கப்பலேறியும் பெற்ற பேற்றை அவர் உட்கார்ந்த இடத்திலேயே பெற்றார் என்று அக்காலத்தில் கேலி செய்வோம்.

இதற்கு நேர்மாறானவர் நடுவில் நிற்கும் தாளவாடிக்காரர். தாய்மொழி கன்னடம், ஊரோ தமிழ்நாட்டில். தாளவாடியிலிருந்து சத்தியமங்கலம் செல்ல வேண்டுமானால் திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கியாக வேண்டும். சாமராஜநகரோ பீடபூமியின் மேலேயே, பக்கத்தில் இருந்தது. எனவே சந்தைக்கும் சினிமாவுக்கும் அவர்கள் இங்கேதான் வருவார்கள். கன்னடத் திரையுலகின் பேரரசர் ராஜ்குமாருக்குச் சொந்தமான கஜனூரும் அந்தத் தாளவாடிப் பக்கத்துக் கிராமமே. பிள்ளைகளுக்கு இது நம்பவே முடியாததாக இருந்தது.

மற்ற மூவரைப் பற்றி விரித்துரைப்பதற்கில்லை. மூவரும் பட்டு நூல் வாணிபத்தின் பொருட்டு வந்து குடியேறிய வீடுகளின் பிள்ளைகள், நம்மைப் போலவே.

அன்று விடியுமுன் வாடகை வேன் ஒன்றில் புறப்பட்டோம். எளந்தூரில் காப்பி அருந்திவிட்டு மலையேறினோம். பிளிகிரி என்றால் வெண்மலை. வெண்ணிறப் பாறையால் அப்பெயர் என்பாரும், மூடுபனியால் என்பாரும் உளர். நாம் சென்ற பொழுது பனியின் கட்சிக்கே வெற்றி. ஒன்பது மணிக்குப் பிறகுதான் கோயிலே கண்ணுக்குப் புலப்பட்டது. செங்குத்தான பாறை விளிம்பில் நிற்கும் அக்கோயிலில் ரங்கநாதர் பள்ளிகொள்ளாமல் நின்ற கோலத்தில் காட்சி தருகிறார். காட்டில் உலவும் பெருமாள் அல்லவா? அவருக்கு முழ நீளத்துக்கும் மேற்பட்ட தோற்செருப்புகளைக் காணிக்கையாகச் செய்து வைப்பது அவ்விடத்து வழக்கம்.

கட்டுச்சோற்றைத் தீர்த்துவிட்டுத் தொட்ட சம்பிகை மரத்தைக் காணச் சென்றோம். "பெரிய சண்பகம்" என்பது பொருள். பல நூறு ஆண்டுகள் கண்ட மரம்; அடியில் வரிசையாகக் கல் லிங்கங்கள். மலையில் வாழும் மக்கள் அதனையே தெய்வமாகக் கும்பிடுகின்றனர். அவர்களைக் கன்னடப் பக்கத்தில் சோலிகர் என்றும் தமிழ்ப் பக்கத்தில் சோளகர் என்றும் அழைப்பர். அவர்களுள் ஒருவர்தாம், ஏறத்தாழ நம் வயதுடையவர், அன்று வழிகாட்டியாக வந்தார். அவர் பேச்சைத் தமிழர் மூவரும் பாதி புரிந்துகொண்டனர். கன்னடியர் பாதிக்குச் சற்று மேல். நாங்கள் பேசியதோ அவருக்கு முழுவதும் புரிந்தது. படத்தின் வலக்கோடியில், மற்றவரிடமிருந்து ஓரடி விலகி நிற்பவர் அவரே. பிள்ளைகள் அவரை எந்தப் பக்கத்திலும் சேர்க்க முடியாமல் விழித்தனர்.

கடனாக வாங்கிவந்த ஆக்ஃபா கிளிக் 3 காமிராவில் பன்னிரண்டு படங்களே எடுக்கலாம். நல்ல வெயில் இல்லாவிடில் அது உதவாது. மரத்தடியில் ஆசையாக எடுத்தவை யாவும் கருத்துப்போயின. திரும்பும் வழியில், கோயிற் பாறைமேல், கடைசியாக எடுத்த இந்த ஒன்றே தேறிற்று.

மறு ஆண்டே, 1974-இல், அம்மலைக்காடு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சோலிகரின் காட்டுவேளாண்மையும் வேட்டையும் தடைப்பட்டன. 2011-இல் அது புலிகள் காப்பகம் ஆயிற்று. அவ்வாண்டிலேயே வன உரிமைச் சட்டத்தின்படி தேனும் நெல்லியும் சேகரிக்கும் உரிமை பல சோலிக ஊர்களுக்கு எழுத்தில் வழங்கப்பட்டது. இடையில் வீரப்பன் காலம். 2000 ஜூலை 30 அன்று அதே கஜனூரிலிருந்து ராஜ்குமார் கடத்தப்பட்டு 108 நாட்கள் காட்டில் இருந்ததை வாசகர் அறிவர். கடத்தியவனைத் தேடிய இரு மாநிலப் படைகளுக்கும் இடையில் அகப்பட்டு அல்லலுற்றவர்கள் மலைமக்கள் என்பதை அறிந்தோர் குறைவு.

திருநீற்று நண்பரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர் வீடுகளுக்கும் கடைகளுக்கும் தீ வைக்கப்பட்டது. அவர் அப்போது அங்கே பணியில் இருந்தார். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த நம் தமக்கையாரையும் குழந்தைகளையும் இரவோடிரவாகத் தம் வீட்டுக்கு அழைத்து வந்தார். ஐந்து நாட்கள் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தாராம், அதே நெற்றியோடு. தமக்கையார் இறுதிவரை அவரைத் தம்பி என்றே விளித்தார்.

எழுவருள் இருவர் மறைந்துவிட்டனர். கொள்ளேகாலத்து அன்பரும் அவருள் ஒருவர். எஞ்சியோருக்குப் படத்தின் பிரதிகளை அனுப்பினோம். வழிகாட்டியாக வந்தவருக்கு மட்டும் அனுப்ப வகையில்லை. அவர் பெயரை அன்று யாரும் குறித்துவைக்கவில்லை. திருநீற்று நண்பர் பணி ஓய்வுபெற்றுச் சாமராஜநகருக்கே திரும்பிவிட்டார். படத்தைப் பெற்றவுடன் தொலைபேசியில், "நீ கவலைப்படாதே. மலைக்குப் போய் ஒவ்வொரு போடாகக் காட்டிக் கேட்டுவிடுகிறேன்" என்றார். போடு என்றால் சோலிகர் குடியிருப்பு. முழங்கால் வலியோடு இதுவரை மூன்று போடுகளுக்குச் சென்றுவந்திருக்கிறார். மூன்றாவதில் ஒரு முதியவள் படத்தை வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, முகம் தெரிகிறது, ஆனால் கங்காணிப் பணிக்குக் காப்பித் தோட்டத்துக்குப் போன அண்ணனா தம்பியா என்றுதான் சொல்ல முடியவில்லை என்றாளாம். அடுத்த வாரம் தோட்டத்துக்குப் போகிறார்.