பழைய மணியைக் கழற்றாதீர்கள்!

திருடன் வந்தான். மொட்டை மாடிக் கதவை நெம்பித் திறந்தான். மாடி அறையில் இருந்த பீரோவை உடைத்தான். 8 பவுன் நகையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த வீட்டில் திருட்டு மணி இருந்தது. ஆனால் அது அடிக்கவில்லை!

இது நடந்தது என் அக்காள் வீட்டில். ஊர் திருநெல்வேலி. அன்று இரவு எல்லோரும் கீழே தூங்கிக்கொண்டு இருந்தார்கள். மணியைப் போட்டுவிட்டுத்தான் படுத்தார்கள். மணி கெட்டுப்போய் இருந்ததா? இல்லை. நன்றாகத்தான் இருந்தது. மாடியில் ஒரு கதவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அவ்வளவுதான்!

வீடு கட்டியபோது மாடி கிடையாது. கீழே வாசல் கதவு, கொல்லைக் கதவு, 4 ஜன்னல்கள். சுவருக்குள் கம்பி ஓட்டி, இந்த ஆறையும் மணிப் பெட்டியோடு சேர்த்தார்கள். சில ஆண்டுகள் கழித்து மாடி எழுப்பினார்கள். தேக்குக் கதவு போட்டார்கள். வழவழப்பான டைல்ஸ் போட்டார்கள். கிரகப்பிரவேசத்துக்கு ஊரையே கூப்பிட்டார்கள். மணியை மட்டும் மறந்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி இருக்கலாம். கடை, பள்ளிக்கூடம், கலியாண மண்டபம் எதுவாகவும் இருக்கலாம். கட்டிடம் வளர்கிறது. மணி வளர்வது இல்லை.

மணிக்கு எப்படித் தெரிகிறது?

கதவுச் சட்டத்தில் ஒரு சிறு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதற்குள் இரண்டு மெல்லிய தகடுகள். கதவில் ஒரு காந்தம். கதவு மூடி இருந்தால் காந்தம் இழுக்கும். தகடுகள் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் ஓடும். கதவைத் திறந்தால் காந்தம் விலகும். தகடுகள் பிரியும். மின்சாரம் நிற்கும். உடனே பெட்டிக்குத் தெரிந்துவிடும். கம்பியை வெட்டினாலும் மின்சாரம் நிற்கும். அப்போதும் பெட்டிக்குத் தெரியும்.

மின்சாரத் திருட்டு மணி புதிய சரக்கு அல்ல. 1853-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் போப் என்பவர் அதற்கு உரிமை பதிவு செய்தார். நான் சொன்ன கண்ணாடிக் குழாய் பிறகு வந்தது. 1936-ல் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் எல்வுட் என்பவர் அதைக் கண்டுபிடித்தார்.

பெட்டி ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கொடுக்கும். வாசல் 1, கொல்லை 2 என்று போகும். இந்தப் பகுதிகளுக்கு ‘ஜோன்’ என்று பெயர். எந்த ஜோனில் கதவு திறந்ததோ, அந்த எண் பெட்டியில் தெரியும். அக்காள் வீட்டு மாடிக்கு எண்ணே கிடையாது!

“தூக்கி எறியுங்கள்” என்றார்

திருட்டு நடந்த மறுவாரம் ஒருவர் வந்தார். மணி விற்கும் கம்பெனிக்காரர். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “இது பழசு. கழற்றி எறியுங்கள். இப்போது எல்லாம் கம்பியே இல்லாமல் வருகிறது. வீடு முழுவதும் புதிதாகப் போட்டுவிடலாம்” என்றார். அத்தான் தலையை ஆட்டினார். திருட்டுக் கொடுத்த வீட்டில் எதைச் சொன்னாலும் தலை ஆடும்.

எனக்குக் கோபம் வந்தது. கீழே இருந்த கம்பி என்ன பாவம் செய்தது? கம்பிக்கு பேட்டரி மாற்ற வேண்டாம். நடுவே யாரும் வானொலி அலையைக் குழப்பி அதை ஊமையாக்க முடியாது. நன்றாக வேலை செய்கிற கம்பியைப் பிடுங்குவது, திருடனுக்குச் செய்யும் உதவி!

கம்பி போன இடத்தில் கம்பி இருக்கட்டும். கம்பி போக முடியாத இடத்துக்கு மட்டும் கம்பி இல்லாத கருவி போடுங்கள். இதுதான் என் கட்சி.

எங்கள் தெரு எலெக்ட்ரீசியன் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் முதலில் பெட்டியைத் திறந்தார். உள்ளே எழுதி இருந்த கம்பெனிப் பெயரையும் மாடல் எண்ணையும் குறித்துக்கொண்டார். அதே கம்பெனி செய்த ‘ரிசீவர்’ ஒன்றை வாங்கி வந்தார். ரிசீவர் என்றால், கம்பி இல்லாத கருவிகள் சொல்வதைக் கேட்கும் காது. அதை 4 கம்பிகளால் பழைய பெட்டியோடு சேர்த்தார். மாடிக் கதவிலும் பால்கனிக் கதவிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. ஒவ்வொரு கருவிக்கும் முதுகில் ஒரு நீண்ட எண். அந்த எண்களைப் பெட்டியில் பதிவு செய்தார். மாடிக் கதவு 7-வது ஜோன் ஆனது. பால்கனி 8-வது ஜோன் ஆனது. சுவரை உடைக்கவில்லை. டைல்சைத் தொடவில்லை. ஒரு பகலில் வேலை முடிந்தது.

உங்கள் பெட்டிக்கு அதே கம்பெனி ரிசீவர் கிடைக்காவிட்டால்? அதற்கும் வழி உண்டு. தனி ரிசீவர்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள ‘ரிலே’யை, பெட்டியில் காலியாக உள்ள ஜோனில் மாட்டலாம். அதுவும் ஒரு கதவு என்றே பெட்டி நினைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு குறை. ஒரே ரிலேயில் நான்கு கருவிகளைச் சேர்த்தால், எந்தக் கதவு திறந்தது என்று பெட்டிக்குத் தெரியாது.

வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் கருவி வாங்கி அனுப்புகிறார்கள். பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். அமெரிக்கக் கருவிகள் பல 345 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகளில் பேசும். ஐரோப்பாவில் 433, 868. நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் இப்படிப்பட்ட சிறு கருவிகளுக்கு 865 முதல் 868 வரை இடம் இருக்கிறது. அலை ஒன்றாக இருந்தாலும் போதாது. கம்பெனிக்குக் கம்பெனி பாஷை வேறு. கருவி தமிழில் கத்தும்; பெட்டி சீன பாஷையில் காத்துக்கொண்டு இருக்கும்!

கருவியை ஒட்டும் முன் சோதிக்கவும் வேண்டும். கான்கிரீட் தளத்தில் உள்ள இரும்புக் கம்பிகளும், இரும்பு பீரோவும் அலையைத் தடுக்கும். எங்கள் எலெக்ட்ரீசியன் ரிசீவரை முதலில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். மாடிக் கருவியின் குரல் எட்டவில்லை. மாடிப்படிக்கு அருகே மாற்றினார். எட்டியது.

இன்னொன்று. வாசல் கதவைத் திறந்தால் மணி உடனே அடிக்காது. வீட்டுக்காரர் உள்ளே வந்து எண்ணை அழுத்தச் சிறிது நேரம் கொடுக்கும். மாடிக் கதவுக்கு அந்தச் சலுகை கொடுக்காதீர்கள். ராத்திரி மாடி வழியாக வருகிறவர் விருந்தாளி அல்ல!

காலண்டர் மறைத்த விளக்கு

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

கம்பி இல்லாத கருவிக்கு பேட்டரிதான் சோறு. அக்காள் வீட்டுக் கருவிகளில் 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. சில ஆண்டுகள் வரும். தீரும் முன்பே கருவி பெட்டிக்குச் சொல்லிவிடும். அது மட்டும் அல்ல. நல்ல கருவி, கதவு திறக்காவிட்டாலும், “நான் இருக்கிறேன்” என்று அவ்வப்போது செய்தி அனுப்பும். குறித்த நேரத்துக்குள் அந்தச் செய்தி வராவிட்டால் பெட்டியில் மஞ்சள் விளக்கு எரியும். அப்படிச் செய்தி அனுப்பாத மலிவுக் கருவியை வாங்கவே வாங்காதீர்கள். அது செத்துப்போனாலும் உங்களுக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு அக்காள் வீட்டுக்குப் போனேன். பெட்டியைக் காணோம். அதன் மேல் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது. தூக்கிப் பார்த்தேன். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டு இருந்தது. 7-வது ஜோன்!

“இது என்ன அக்கா?” என்றேன்.

“அது கீச்சுக் கீச்சு என்று கத்திக்கொண்டே இருந்தது தம்பி. அத்தான் ஏதோ பொத்தானை அமுக்கினார். கத்தல் நின்றது. விளக்கு கண்ணைக் குத்தியது. காலண்டரை மாட்டினேன்” என்றாள்.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். பொங்கலில் இருந்தாம். நான் போனது ஆவணி மாதம்! எட்டு மாதம் அந்த மாடிக் கதவுக்குக் காவல் இல்லை.

அக்காள் மேல் தப்பு இல்லை. மணியைப் பூட்டினவர் அத்தானுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தார். அத்தான் காலையில் கடைக்குப் போனால் இரவுதான் வருவார். நாள் முழுவதும் வீட்டில் இருப்பவள் அக்காள். அவளுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணி போடும் வீடுகளில் நான் காணும் பெரிய குறை இதுதான். வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, எந்த விளக்கு எதற்கு என்று காட்டிய பிறகே எலெக்ட்ரீசியனுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பேன்.

அன்றே பேட்டரி வாங்கிப் போட்டோம். பெட்டிக்குள் இருந்த 12 வோல்ட் பெரிய பேட்டரியையும் பார்த்தோம். கரண்ட் போனால் அதுதானே மணியைக் காப்பாற்ற வேண்டும்? அதுவும் உப்பி இருந்தது. மாற்றினோம்.

இப்போது காலண்டர் சமையல்கட்டுக்குப் போய்விட்டது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காள் மணியைப் போட்டுவிட்டு மாடிக்குப் போகிறாள். 7-வது கதவைத் திறக்கிறாள். தெருவே அதிர்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி திண்ணையில் இருந்தபடியே, “இன்னும் 8 பாக்கி இருக்குதே!” என்று குரல் கொடுக்கிறாள்.